உழுது ஓய்ந்த இரும்பு

பழைய பொருள்களின் மீது நகரத்தாருக்கு ஒரு புதிய பற்று பிறந்திருக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் உணவகங்களின் முகப்பையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயிலையும் சற்றே கவனித்தால் இது விளங்கும். மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கொழு தேய்ந்த கலப்பை, கரும்பு ஆலையின் உருளை, கிணற்றடியில் நீர் இறைத்த ஆயில் எஞ்சினின் பெரிய சுழல் சக்கரம் ஆகியவை அங்கங்கே அழகுப் பொருள்களாக நிற்கின்றன. சில, காயலான் கடையிலிருந்து விலைக்கு வந்தவை. சில, ஊரில் வீட்டையும் நிலத்தையும் விற்றவர்கள் மனம் கேளாமல் உடன் கொண்டு வந்தவை. அவற்றுள் ஒரு பகுதி பொன்வண்ணம் பூசப்பட்டு மின்னுகிறது. மறு பகுதி மழை பெய்யும்போதெல்லாம் சிவந்த நீரை வடித்துத் தரையைக் கறைப்படுத்திக்கொண்டே மெல்லக் கரைகிறது.

உழைத்து ஓய்ந்த இந்த இரும்புக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? வண்ணக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்று பலர் எண்ணக்கூடும். ஆயினும் இக்கேள்விக்குள் உண்மையைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. பழையதைப் பேணுவது என்றால் அதைப் புதிதாக்குவதா? அல்லது, காலம் செய்வதைக் காலமே செய்யட்டும் என்று விட்டுவிடுவதா? இவ்விரண்டுக்கும் இடையில் வேறொரு வழி உண்டா? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில், கலப்பை இந்நகருக்கு அயலான பொருள் அன்று என்பதை நினைவிற்கொள்வது நன்று. இன்று தியாகராய நகர் என்று வழங்கும் பகுதி, 1920களில் மாம்பலம் ஏரியின் நீரை வடித்து மண்ணிட்டு மேடாக்கிய நிலத்தில் எழுந்த குடியிருப்பாகும். நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பு இன்று இல்லை. ஏரியை நோக்கிய சாலை என்று பொருள்படும் 'லேக் வியூ சாலை' என்ற பெயர் மட்டும் மேற்கு மாம்பலத்தில் எஞ்சியிருக்கிறது. ஏரி இருந்தால் அதன் கீழ் வயல் இருந்திருக்கும். வயல் இருந்தால் அதை உழுத மனிதர் இருந்திருப்பர். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் இத்தெருக்களின் அடியில் ஒரு வேளாண் நிலம் உறங்குகிறது. ஆகவே உணவகத்தின் வாசலில் நிற்கும் கலப்பை இவ்விடத்துக்கு வந்த விருந்தாளி என்பதைவிட, வீடு இழந்து திரும்பி வந்த பழைய குடியானவர் என்பதே பொருந்தும்.

இனித் துருவின் இயல்பைக் காண்போம். இரும்பு, நீர், காற்றிலுள்ள உயிர்வளி ஆகிய மூன்றும் கூடும்போது துரு பிறக்கிறது. உப்பு சேர்ந்தால் அதன் வேகம் பன்மடங்காகிறது. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்று நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத உப்பைச் சுமந்து வந்து சன்னல் கம்பியிலும் பூட்டிலும் படியவிடுகிறது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. வெயில் நாளிலும் இரும்பின் மேல் ஈரம் தங்கிவிடுகிறது. அலுமினியத்தின் மேல் படியும் படலம் அதன் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. அது தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்து, உப்பி, ஏடு ஏடாக உதிர்ந்து, அடியிலுள்ள நல்ல இரும்பை மீண்டும் காற்றுக்குத் திறந்து வைக்கிறது. தானாக நின்றுவிடும் நோய் அன்று இது. மனிதர் யாரேனும் குறுக்கே நின்று தடுத்தாலன்றி, இரும்பு முழுவதும் தீரும் வரை அது ஓயாது.

இந்த இரும்பை நேசிப்பதாகக் கருதுவோரிடம் இரண்டு தவறான வழிகளைக் காண்கிறோம்.

முதலாவது, சாயம் பூசும் வழி. பட்டறைக்குக் கொண்டுபோய், மின்சாரச் சாணைச் சக்கரத்தால் துரு முழுவதையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, கறுப்போ பொன்னிறமோ பூசிக் கொண்டு வருவது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அப்பொருளிடமிருந்து நாம் எதை எடுத்துவிட்டோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நெடுங்காலம் ஒரு கை பற்றியதால் வழவழப்பான பிடி. கல்லில் மோதி மழுங்கிய ஓரம். முறிந்த இடத்தைக் கொல்லர் உலையில் காய்ச்சி ஒட்டிய தழும்பு. வார்ப்படத்தில் பொறித்த எழுத்து. இவை யாவும் அந்த இரும்பின் மேல் தோலில்தான் இருக்கின்றன. நீண்ட காலம் துருவேறிய பொருளில் அதன் பழைய மேற்பரப்பு துருப்படலத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் என்பதை உலோகப் பாதுகாப்பு வல்லுநர் அறிவர். துருவை முழுவதும் சுரண்டினால் பொருளின் உண்மையான உருவமும் உடன் போய்விடும். சாயத்தை இன்னொரு நாள் கழுவி எடுத்துவிடலாம். சாணையில் தேய்ந்தது திரும்ப வராது.

இரண்டாவது, இயற்கை என்ற பெயரால் கைவிடும் வழி. பழையது பழையதாகவே இருக்கட்டும், துருவும் ஓர் அழகுதானே என்று கூறி, மண்ணின் மேல், மழையின் கீழ் அதை நிறுத்திவிடுவது. முதுமையையும் நோயையும் ஒன்றாக எண்ணும் பிழை இதில் இருக்கிறது. முதுமை மதிக்கத்தக்கது, நோய்க்கு மருந்து வேண்டும்.

இந்த வேறுபாட்டை நம் நகரமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. 1851இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகம் எழும்பூரில் உள்ளது. அங்குள்ள உலோகத் திருமேனிகளைப் பேணுவதற்காக 1930களில் எஸ். பரமசிவன் அவர்கள் வேதியியல் முறைப் பாதுகாப்புப் பணியை வளர்த்தெடுத்தார். இந்திய அருங்காட்சியகங்களுள் இத்துறையில் அது முன்னோடியான முயற்சியாகும். வெண்கலத்தின் மேல் காலம் படியவிடும் பச்சைப் படலம் பெரும்பாலும் உறுதியானது. அடியிலுள்ள உலோகத்துக்குக் காப்பாக நிற்பது. ஆனால் உப்பின் கூறு உள்ளே புகுந்துவிட்டால் வெளிர்பச்சைத் தூளாக ஒன்று பூத்து வெண்கலத்தைத் துளைக்கத் தொடங்கும். இதனை 'வெண்கல நோய்' என்றே அறிஞர் அழைக்கின்றனர். இரண்டும் பச்சைதான். ஒன்றைக் காக்க வேண்டும், மற்றொன்றைத் தடுக்க வேண்டும். எது எது என்று பிரித்தறிவதே அத்துறையின் முதற் பாடம். பழைய இரும்பைப் பேண விரும்புவோருக்கும் அதுவே முதற் பாடம் ஆகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இரும்புக்குச் சாயம் பூசுவதே தவறா? அன்று. பணியில் இருக்கும் இரும்புக்குச் சாயம் பூசுவது கடமையே ஆகும். 1914இல் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் இரயில் பாலம் கடலின் உப்புக் காற்றை எதிர்த்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்றது. தொடர்ந்து பழுது பார்த்தும் பூச்சுப் பூசியும் வந்ததால்தான் அது அத்தனை காலம் நிற்க முடிந்தது. அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் மனித உயிர்கள் செல்கின்றன. அங்கே தழும்புகளைப் போற்றிக்கொண்டு நிற்பது பொறுப்பின்மை. உழவில் இருக்கும் கொழுவும் அப்படித்தான். மண்ணோடு உராயும் வரை அது தானே பளபளக்கும். பருவம் முடிந்ததும் உழவர் அதில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, எண்ணெய் தடவிப் பரணில் வைப்பர். அடுத்த பருவத்தில் அது அவருக்கு வேண்டும். ஆனால் பணி முடிந்த கருவியின் நிலை வேறு. அது இனி நமக்குச் செய்யக்கூடிய ஒரே பணி சாட்சி சொல்வதுதான்.

சாட்சி என்ற இச்சொல்லே நம் கேள்விக்கு வழி காட்டுகிறது. வழக்கு மன்றத்தில் ஒரு சாட்சியைக் கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவர் வாயில் நம் சொற்களை ஊட்டுவது. மற்றொன்று, அவர் பேசுவதற்கு முன் இறந்துபோக விடுவது. சாயம் பூசுவோர் முதல் வழியில் செல்கின்றனர். கைவிடுவோர் இரண்டாம் வழியில் செல்கின்றனர். சாட்சியை மதிக்கும் வழி, அவரை உயிரோடு காத்து, அவர் சொல்வதை அவர் குரலிலேயே கேட்பதாகும். பழைய இரும்பின் இனிமேலான அழிவை நிறுத்த வேண்டும். இதுவரை அதன் மேல் எழுதப்பட்டதை அழிக்கக் கூடாது. நாம் தேடிய மூன்றாம் வழி இதுவே.

துருவேறிய இரும்பு எவ்வளவு பேச வல்லது என்பதற்குத் தமிழ் மண்ணே சான்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 2025 ஜனவரி 23 அன்று, கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடைபெற்ற விழாவில், தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு 5300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்ற அறிவிப்பைத் தமிழக முதலமைச்சர் வெளியிட்டார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை உள்ளிட்ட இடங்களில் கிடைத்த மாதிரிகளின் காலக் கணிப்பே அதற்கு அடிப்படை. மண்ணிலிருந்து வரும் அத்தகைய இரும்பு, பார்வைக்கு உருக்குலைந்த துருக்கட்டியாகவே இருக்கும். எவரேனும் அதைப் 'பளபளப்பாக்க' முயன்றிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது என்ன?

எனின், நடைமுறையில் செய்ய வேண்டியது யாது? அது கடினமானதோ பெருஞ்செலவு பிடிப்பதோ அன்று. இரும்பை மண்ணின் மேல் நிறுத்தலாகாது. கல்லின் மேலோ மரக்கட்டையின் மேலோ உயர்த்தி வைக்க வேண்டும். நீர் தேங்கும் குழிவுகள் இருப்பின் நீர் வடியும் வண்ணம் சாய்த்து வைத்தல் நன்று. கூரையின் கீழ் இடம் கிடைத்தால் மிக நன்று. தானே உதிரும் துருவை மட்டும் தேங்காய் நாரினாலோ கெட்டியான தூரிகையினாலோ பொறுமையாக நீக்கினால் போதும். ஒட்டி நிற்பதை ஒட்டியே நிற்க விட வேண்டும். கடற்காற்றின் உப்பு படிந்திருந்தால் நல்ல நீரால் கழுவி, உடனே துடைத்து, புரட்டாசி வெயிலில் முழுவதும் உலர்த்த வேண்டும். ஐப்பசி மழை வருமுன் செய்து முடிப்பது சிறப்பு.

அருங்காட்சியக வல்லுநர்கள் துருவேறிய இரும்பின் மேல் டானின் என்னும் துவர்ப்புச் சத்துக் கலந்த நீரைத் தடவுவதுண்டு. அது துருவோடு கூடி நீலம் கலந்த கறுப்பு நிறப் படலமாக மாறிச் சற்றே காவலாக நிற்கும். இச்சத்து நம் கடுக்காயில் மிகுதியாக உள்ளது. கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதியைச் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியலால்தான். அன்னபேதியும் இரும்பின் உப்பே ஆகும். ஏட்டில் எழுத்தை நிலைக்கச் செய்த அதே கருமை, இரும்பின் மேலுள்ள எழுத்தையும் நிலைக்கச் செய்கிறது. அது உலர்ந்த பின், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்து, உலர்ந்ததும் மீண்டும் ஒரு முறை தடவலாம். தடிப்பாகப் பூசினால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. விரித்து வெளியில் உலர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் பொருளுக்கு எண்ணெய்க்கு மாறாக மெழுகே போதும். மெழுகை மீண்டும் எளிதாக நீக்க முடியும் என்பது அதன் கூடுதல் சிறப்பு. நம் கைவேலையைப் பின்னால் வருவோர் மாற்ற இடம் விட்டுச் செய்வது இத்தொழிலின் அடக்கம். வெளியில் நிற்கும் பொருளுக்கு இதனை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். ஒரே முறையில் முடித்துவிட்டு மறந்துவிட விரும்புவோர் சாயத்தையே நாடுவர். உண்மையான பேணுதல் ஆண்டுதோறும் திரும்பி வந்து பார்ப்பதில் அடங்கியிருக்கிறது.

தில்லியில் குதுப் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணும் இங்கே எண்ணத்தக்கது. சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் அது நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக உள்ளது. அதனால் துருவே மெல்லிய, இறுக்கமான படலமாகி உள்ளிருக்கும் இரும்பைக் காத்து நிற்கிறது என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். அத்தூணை முதுகுப்புறமாகக் கட்டியணைத்தால் நற்பேறு கிட்டும் என்று நம்பிய மக்கள் அணைத்து அணைத்தே அப்படலத்தைத் தேய்த்தனர். 1997இல் அதனைச் சுற்றி வேலி இட வேண்டியதாயிற்று. வெறுப்பு மட்டுமன்று, அறிவில்லாத அன்பும் அழிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மயிலாப்பூருக்கே திரும்புவோம். சாந்தோமில் திருத்தூதர் தோமாவின் கல்லறையை 1523இல் போர்த்துகீசியர் தோண்டித் திறந்தபோது, எலும்புகளோடு ஈட்டிமுனை ஒன்றும் கிடைத்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. அந்த ஈட்டிமுனை எனப் போற்றப்பெறும் இரும்பு இன்றும் சாந்தோமில் பாதுகாக்கப்படுகிறது. அதனைத் தீட்டிக் கூராக்கிப் பளபளக்கச் செய்து தருகிறோம் என்று எவரேனும் முன்வந்தால் நாம் இசைவோமா? அது உதிர்ந்து மறையட்டும் என்று விடுவோமா? இரண்டுக்கும் இசைய மாட்டோம். ஏனெனில் அந்த இரும்பின் மதிப்பு அதன் கூர்மையில் இல்லை. அது சொல்லும் சாட்சியில் இருக்கிறது. ஈட்டிக்கு நாம் தரும் இந்த மரியாதையைக் கலப்பைக்கு ஏன் தருவதில்லை? உயிரைப் பறித்த இரும்பைவிட உயிர்களுக்குச் சோறிட்ட இரும்பு எவ்வகையில் தாழ்ந்தது?

பூச்சியும் துருவும் தின்னும் செல்வத்தில் மனத்தை வைக்கலாகாது என்றுதானே நற்செய்தி எச்சரிக்கிறது, அப்படியிருக்கத் துருப்பிடித்த இரும்பின் மேல் இத்தனை கவலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நேர்மையான வினா இது. பதுக்கி வைத்த செல்வத்தின் மேல் படியும் துருவைப் பற்றியது அந்த எச்சரிக்கை. பிறருக்காக உழைத்துத் தேய்ந்த கருவியின் மேல் படியும் துரு வேறு. யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். செல்வரின் பொன்னிலும் வெள்ளியிலும் ஏறிய துரு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று கூறிய கையோடு, அவர்களுடைய வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்று அத்திருமுகம் கூறுகிறது. துருவையும் வயற்கூலியையும் அடுத்தடுத்து வைத்துப் பேசியிருப்பது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

தமிழ் மண்ணில் உழவுக் கருவிகளின் கதை இனிமையான கதை மட்டுமன்று. 1968 டிசம்பர் 25 அன்று, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. நிலம் ஒருவருக்கும் கலப்பை இன்னொருவர் கைக்கும் உரியதாக இருந்த நெடிய காலத்தின் சாட்சியே நம் வாசலில் நிற்கும் இரும்பு. பொன்வண்ணம் பூசியவுடன் அது பசுமையான வயலையும் குயிலின் பாட்டையும் மட்டும் பேசத் தொடங்குகிறது. பிடியைத் தேய்த்த கையையும், அக்கைக்குக் கிடைத்த கூலியையும் பேச மறுக்கிறது. பழைய கருவிக்குச் சாயம் பூசுவதில் நாம் காணும் குறை இதுதான். அழகுணர்ச்சியின் குறை என்று இதைத் தள்ளிவிட இயலாது. உண்மைக்கு நேரும் குறை இது.

ஆகவே பழைய உழவுக் கருவி ஒன்றை வீட்டிலோ கடை வாசலிலோ வைத்திருப்போரிடம் நாம் வேண்டுவது இரண்டு. ஒன்று, மேலும் துருவேறாமல் அதைக் காப்பது. அதற்கு ஓர் எண்ணெய்த் துணியும் ஆண்டில் ஒரு காலைப் பொழுதும் போதும். மற்றொன்று, இது எந்த ஊரின் கருவி, எந்த நிலத்தில் எதற்குப் பயன்பட்டது, எவர் கை இதைப் பிடித்தது என்பவற்றுள் தெரிந்ததை ஒரு சிறு தாளில் எழுதி அதனோடு வைப்பது. நிலத்தின் உடைமையாளர் பெயரோடு நின்றுவிடாமல், உழுதவரின் பெயரையும் அறிய முடியுமானால் கேட்டு எழுத வேண்டும். அப்பெயரை அறிந்த முதியோர் இன்னும் ஊர்களில் இருக்கின்றனர். இரும்பைவிட விரைவாக மறைவது அவர்களுடைய நினைவே. எனவே அதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எண்ணெயைத் தேடலாம்.